ஜெபல் அலியில் நாய்கள் படுத்த பகல்

எமர்ஜென்சியைத் தளர்த்தி நம் நாட்டில் எலெக்‌ஷன் நடந்ததே, அந்த வருஷத்துக் கோடை. ரிசல்ட்டை ரேடியோவில் கேட்டுவிட்டுத்தான் பம்பாயில் கப்பல் ஏறினேன், அதனால் எனக்கு வருஷம் தவறாது. ஜின் இருக்கிறது என்று குர்ஆனில் ஓதியிருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எவனாவது நேரில் கண்டேன் என்று வந்தால், வெயிலில் மண்டை காய்ந்திருக்கும் என்று சிரிக்கிற ஆள் நான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

துபாய்ப் பக்கம் ஜெபல் அலியில் அப்போது துறைமுகம் ஏது? கடலைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நாற்பது பேர் ஒரே கேம்ப். சோற்றில் பாதி மணல், அதைச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. எங்களோடு ஒரு கிரேன் ஆபரேட்டர், நல்ல கறுப்பு, நெடுநெடுவென்று இருப்பார். அமெரிக்காவுக்குக் கீழே கடலில் ஹெய்ட்டி என்று ஒரு தீவாம், அந்த ஊர். பெயர் பியேர், நாங்கள் பீர் பாய் ஆக்கிவிட்டோம். அவர் பேச்சு பிரெஞ்சு மாதிரி இருக்கும். கேம்பில் சேவியர் என்று ஒரு காரைக்கால் பையன், அவன் அப்பா பிரெஞ்சுக்காரனிடம் வேலை பார்த்தவர், அதனால் சேவியருக்குப் பாதி புரியும். அந்தப் பாதியை வைத்துத்தான் நாங்கள் பழகினோம்.

அந்த வாரம் டேங்கரில் வந்த தண்ணீர் உப்புக் கரித்தது. இரண்டு பேர் வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டார்கள், அதில் ஒருவனுக்குக் கண்ணே திறக்கவில்லை. நல்ல தண்ணீர் வராமல் டியூட்டி கிடையாது என்று எல்லோரும் லாரி நிழலில் உட்கார்ந்துவிட்டோம். நண்பகல் நேரம். போர்மேன் வந்து, லாரியில் ஏறச் சொல்லி அரபியும் இந்தியும் தமிழும் கலந்து கத்தினான்.

"யல்லா, ஜல்தி, காடியில ஏறு! பத்து நிமிஷம். இல்லன்னா நாய் வரும்!"

ஸ்டோர் காவலுக்கு இரண்டு நாய் வைத்திருந்தான், கன்றுக்குட்டி உயரம். அவன் அவிழ்க்கப் போனதும் நாங்கள் ஒருவரையொருவர் நெருங்கி உட்கார்ந்தோம். பீர் பாய் மட்டும் சிரித்தார். சிரித்துவிட்டு என்னவோ சொன்னார், சேவியர் தமிழில் சொன்னான்.

"நூத்தெழுபது வருஷத்துக்கு முந்தி அவங்க ஊர்ல அடிமை ஜனம் வெள்ளக்காரன எதுத்து நின்னுச்சாம் பாய். அடக்க முடியாம, பக்கத்துத் தீவுலேந்து கப்பல்ல வேட்டை நாய் எறக்கியிருக்கான். பட்டினி போட்டு, கறுப்பு ஆளக் கடிக்கப் பழக்கி. சண்டைன்னு வந்ததும் அந்த நாய்ங்க காயம்பட்ட வெள்ளச் சிப்பாயையே கொதறிடுச்சாம். கடைசியில சோறில்லாம அவனுங்களே அந்த நாய அறுத்துத் தின்னானுங்களாம்."

"ஜெயிச்சது யாருடா?"

சேவியர் அதைக் கேட்டதும் பீர் பாய் தன் நெஞ்சில் தட்டினார்.

"பாரு பாய், நேத்து ஜெயிச்ச மாதிரி தட்டுறாரு!" என்றான் சேவியர்.

அதற்குள் போர்மேன் நாய்களோடு வந்துவிட்டான். சங்கிலியை விட்டான். நாங்கள் எழுந்து சிதறினோம், பீர் பாய் வெறுங்கையோடு முன்னால் போய் நின்றார்.

அப்போதுதான் கடல் பக்கமிருந்து அந்தச் சத்தம். நான் கீழக்கரைக்காரன், என் வாப்பா சங்கு குளித்தவர், சங்கு ஊதினால் எனக்குத் தெரியாதா? நீளமாக, மூச்சு விடாமல் ஒரே ஊதல். ஓடி வந்த நாய்கள் பீர் பாய்க்கு ஒரு முழம் முன்னால் நின்றன, காதை மடக்கின, அப்படியே படுத்துவிட்டன. பிறகு எழுந்து திரும்பிப் போர்மேனைப் பார்த்து உறுமின பாருங்கள்! அவன் செருப்பை விட்டுவிட்டு லாரி மேலே ஏறிவிட்டான்.

"என்ன ஸார், எங்கள ஏறச் சொல்லிட்டு நீங்க ஏறிட்டீங்க?" என்றான் சேவியர். நாற்பது பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். போர்மேன் லாரியில் நின்றபடியே ஆபீசுக்கு ஆள் அனுப்பினான். அசர் தொழுகைக்கு முன்னால், பொழுது சாய்வதற்குள்ளேயே டேங்கர் வந்தது, நல்ல தண்ணீர். குடித்தோம், தலையில் ஊற்றிக்கொண்டு ஆடினோம். கண் திறக்காதவன் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்து என்ன கூத்து இது என்று கேட்டான்.

"எவன்டா அங்க சங்கு ஊதுனது?" என்று சேவியரைக் கேட்டேன்.

"சங்கா? ஒரு சத்தமும் இல்லியே பாய்."

ஒருவருக்கும் கேட்கவில்லை. பீர் பாய் மட்டும் என்னைப் பார்த்துத் தன் காதைத் தொட்டுக் காட்டினார். அவர்கள் ஊரில் அந்த நாளில் சண்டைக்கு ஆள் கூப்பிட மலைக்கு மலை சங்குதான் ஊதுவார்கள் என்று சேவியர் வழியாகச் சொன்னார்.

மறுநாள் விடியலில் நான் சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் பீர் பாயும் நானும் கடலோரம் நடந்தோம். தோண்டிக் கொட்டிய மணல்மேல் ஒரு சங்கு கிடந்தது. அகலமாக விரிந்த வாய், உள்ளே ரோஜா நிறம். எங்கள் கடலிலும் இல்லாத சாதி, அந்தக் கடலிலும் இல்லாத சாதி. பீர் பாய் தன் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டே அதை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார், அழுதபடியே சிரித்தார். நான் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். சங்கை ஊதவேண்டும் என்றால் நுனியை அறுத்துத் துளை போடவேண்டும். அதற்கு நுனி அறுபடவே இல்லை, முழுசாக இருந்தது. எந்த மனுஷனும் அதை ஊதியிருக்க முடியாது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த நுனி என் கைவிரலில் உறுத்துகிற மாதிரியே இருக்கிறது.

எனக்கு எழுதத் தெரியாது, நீங்கள் நாலு ஊர் போகிறவர். என்றைக்காவது ஹெய்ட்டிக்காரர் யாரையாவது பார்த்தால், அந்த நாய்கள் ஜெபல் அலி வரைக்கும் வந்தும் தோற்றுத்தான் போயின என்று சொல்லிவிடுங்கள்.