ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று நிறம்

சாயப்பட்டறையில் அவருக்குத் தொட்டியக்கா என்று பெயர். இருபது வருடம் நீலச் சாயத்தில் நூலை முக்கி எடுத்தவர். பட்டறைக் கழிவு தெருச் சாக்கடையில் தினம் ஒரு நிறமாக ஓடுகிறது என்று புகார் போனதும் சுத்திகரிப்புத் தொட்டி கட்டினார்கள். அந்தப் பக்கம் போக யாருக்கும் மனமில்லை. இவர்தான் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினார். சுண்ணாம்பும் படிகாரமும் எவ்வளவு போட்டால் சாயம் திரிந்து அடியில் தங்கும், கரியிலும் மணலிலும் எவ்வளவு மெதுவாக வடிய வேண்டும் என்பதெல்லாம் மூன்றே மாதத்தில் அத்துப்படி.

அன்று பதினோரு மணிக்கு அதிகாரி வருகிறார். தண்ணீரில் நிறம் இருந்தால் பட்டறைக்குப் பூட்டு. அன்று பார்த்து இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. தொட்டியக்காவும் காலையிலிருந்து நீலச் சாயத்தைக் குனிந்து கலக்கினார். பத்தரைக்கு ஓடிப்போய்க் கடைசித் தொட்டியில் ஒரு கண்ணாடி டம்ளர் மொண்டு, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தார்.

"போச்சு. மஞ்சளா இருக்கு."

சிவப்புச் சாயத்திலிருந்து நாத்தனார் வந்து எட்டிப் பார்த்தார். "கண்ணைக் கழுவிட்டு வாங்க அண்ணி. இது பச்சை."

மஞ்சள் சாயத்திலிருந்து கணவர் வந்தார். "ரெண்டு பேரும் சும்மா இருங்க. லேசா நீலம் ஓடுது."

"ஒரு டம்ளர்லயே இத்தனை கலர் வருதுன்னா, இதுலயே நூலை முக்கிடலாம்" என்றார் நாத்தனார்.

தொட்டியக்கா பதறிப்போய்ச் சுண்ணாம்புப் பால் வாளியைத் தூக்கினார். ஊற்றினால் தண்ணீர் கலங்கிவிடும். தெளிய அரை நாளாகும். சாய்க்கப் போனவரின் பார்வை எதிர்ச் சுவரில் பட்டது. போன வாரம் வெள்ளையடித்த சுவர். அதுவும் மஞ்சளாக இருந்தது.

"ஏம்மா, அந்தச் சுவர் என்ன கலரு?"

"பச்..." நாத்தனார் பாதியில் நிறுத்தினார். "அட."

"தண்ணியில ஒண்ணும் இல்ல. காலையிலேருந்து ஒரே சாயத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணுதான் ஏமாத்துது. எல்லாரும் கண்ணை மூடுங்க. முந்நூறு எண்ணுற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது" என்றார் தொட்டியக்கா.

அதிகாரி உள்ளே நுழைந்தபோது பதினொரு பேர் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா நடக்குது இங்க?"

"இருநூத்திப் பன்னெண்டு. யாருங்க? இருநூத்திப் பதிமூணு."

"தண்ணி பார்க்க வந்திருக்கேன்."

"உட்காருங்க சார், இருநூத்திப் பதினாலு, இன்னும் கொஞ்சம்தான்."

உட்கார்ந்தார். வேறென்ன செய்வார்?

முந்நூறுக்குக் கண் திறந்தால், சுவர் வெள்ளை. அதிகாரி டம்ளரைத் தூக்கிப் பிடித்திருந்தார்; தண்ணீருக்குப் பின்னால் அவர் சட்டைப் பொத்தானின் நான்கு துளைகளும் எண்ணும்படி தெரிந்தன. ஏதோ சொட்டு மருந்து விட்டார், தாளை நனைத்தார், அட்டையோடு ஒப்பிட்டார், கையெழுத்துப் போட்டார்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு. ஆளுங்கதான் சரியில்ல."

தொட்டியக்கா வால்வைத் திறந்தார். தண்ணீர் சாக்கடையில் ஓட, வயிற்றைப் பிடித்துச் சிரித்தபடி மொத்தப் பட்டறையும் அதன் கூடவே தெருமுனை வரை ஓடியது. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, சாக்கடையையே வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"என்னங்க தேடுறீங்க?" என்று கேட்டார் சைக்கிள்காரர்.

"தண்ணி போகுதுங்க" என்றார் தொட்டியக்கா. அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.