ஹோல்டில் வரும் மெட்டு

சுந்தரராஜுக்குப் பிடித்த இசை எது என்று கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில், அவர் வீடு இருக்கும் லைனில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். சொல்லும்போதே சிரித்தும் விடுவார்கள். மிக்ஸி கம்பெனிக்குப் போன் போட்டால், ஆள் எடுக்கும்வரை காத்திருக்கச் சொல்லி ஒரு மெட்டு ஓடுமே, அதுதான். எழுபத்து மூன்று வயதில் ஒரு மனிதருக்கு இப்படியும் ஒரு காதல் வருமா என்று கேட்டால், வந்துவிட்டது, என்ன செய்ய.

சிரிப்பதற்கு முன்னால் அவருடைய காதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைன்ஸ் மூடும்வரை அவர் வைண்டிங் இஞ்சின் டிரைவர். ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டு அவர் கை லீவரில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே நிற்பவர்களை அவர் பார்க்க முடியாது. பெல் எத்தனை முறை அடிக்கிறது என்று காதால் எண்ணித்தான் ஏற்றுவதா, இறக்குவதா, ஏறியிருப்பது ஆளா கல்லா என்று தெரிந்துகொள்வார். பெல் பாதியில் நின்றுபோனால் லீவரில் கை வைக்கவே மாட்டார். முதலிலிருந்து மறுபடி முழுசாக அடிக்க வேண்டும். ஷிப்டு முடிந்த அவசரத்தில் கீழே இருக்கிறவர்கள் என்ன திட்டினாலும் சரி, பாதி பெல்லுக்கு வண்டி நகராது. இருபத்தாறு வருஷத்தில் அவர் கையால் ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

அந்த இஞ்சின் ரூம் அவருடைய இடது காதைச் சாப்பிட்டுவிட்டது. வலது காது இப்போது மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ என்று கோலாரில் டாக்டர் கையை விரித்துவிட்டார். காது மெஷின் மாட்டினால் பேச்சு கேட்கிறது. பாட்டு மட்டும் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருக்கிறது. சர்ச்சில் ஒரு காலத்தில் கொயரில் நின்று அடிக்குரலில் பாடியவர், இப்போது மனைவி லூயிசாவின் பக்கத்தில் பாட்டுப் புத்தகத்தை விரித்துவைத்து வாயை மட்டும் அசைப்பார். சுருதி தப்பி நாலு பேர் திரும்பிப் பார்ப்பதை அவரால் தாங்க முடியாது. பக்கத்திலேயே நிற்கிற லூயிசாவுக்கு இது தெரியாமலா இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த அசையும் வாயை ஓரக்கண்ணால் பார்ப்பாள். ஆனால் கேட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் போன பொங்கல் சமயத்தில் ஆண்டர்சன்பேட்டையில் வாங்கிய புது மிக்ஸியின் ஜார் ஒழுகியது. சுந்தரராஜ் வீட்டு லேண்ட்லைனில் கம்பெனிக்குப் போன் போட்டு, தமிழுக்கு மூன்றை அழுத்தி, காது மெஷினைக் கழற்றிவிட்டு, கனமான ரிசீவரை வலது காதில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு புல்லாங்குழல் ஆரம்பித்தது. கலங்காமல், குழம்பாமல், ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது. பிறகு அடியில் ஒரு வயலின் வந்து சேர்ந்தது. பேச்சு இல்லை, வார்த்தை இல்லை. குழல் மேலே மேலே ஏறி, இதோ இறங்கப் போகிறது என்கிற இடத்தில், "வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று ஒரு குரல் குறுக்கே வந்துவிட்டது. கேஜைச் சுரங்கக் குழியின் நடுவில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன மாதிரி இருந்தது அவருக்கு.

ஜாருக்குப் புது வாஷர் வந்தது. ஒழுகல் நின்றது. குழல் மட்டும் இறங்காமல் அவர் தலைக்குள் மேலேயே நின்றுகொண்டிருந்தது.

பெங்களூருக்குத் தினம் ரயிலில் வேலைக்குப் போய்வரும் மகன் எல்வின், பாட்டு கண்டுபிடிக்கிற ஆப்பைத் திறந்து தன் போனை ரிசீவர் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். ஆப் உதட்டைப் பிதுக்கியது. "யாரோ கம்பெனிக்குன்னே போட்ட டியூன் டாடி, வேற எங்கியும் கெடைக்காது" என்று கைவிட்டுவிட்டான். காது இருக்கும்போதே அந்த மெட்டை முடிவுவரை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று சுந்தரராஜுக்குள் ஒரு பிடிவாதம் உட்கார்ந்துவிட்டது. போன் போடக் காரணம் வேண்டுமே. மிக்ஸி சத்தம் அதிகம் என்று புகார் சொன்னார். காது கேட்காதவர் சத்தம் அதிகம் என்று சொன்ன புகார் அது. மூன்றாவது தடவை மூடி இறுக்கமாக இருக்கிறது என்றார். ஒவ்வொரு தடவையும் குழல் உச்சிக்குப் போகும், யாராவது வணக்கம் சொல்வார்கள்.

புகார் சொன்னால் ஆள் வரத்தானே செய்யும். மெக்கானிக் விநாயக் கோலாரிலிருந்து இரண்டு தடவை பைக்கில் வந்தான். இரண்டாவது தடவை மூடியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"அங்கிள், இதுல ப்ராப்ளம் எங்க இருக்கு? இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா உங்க நம்பர்ல இருந்து கம்ப்ளெய்ன்ட் எடுக்க மாட்டாங்க," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

லூயிசாவுக்கு மானம் போய்விட்டது. அவனுக்குச் சோறு போட்டு, ரசம் ஊற்றி அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

"இன்னாங்க இது? அந்தப் பையன் இம்மாந்தூரம் வெயில்ல வண்டி ஓட்டினு வரான். போன் பண்ணி, பொய் சொன்னேன், மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லுங்க. ஒரு பாட்டுக்காவ இப்படியா?"

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவர் போன் போட்டார். மன்னிப்பு கேட்கத்தான். ஆனாலும் குழல் ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். வழக்கமான இடத்தில் அறுந்தது.

"வணக்கம் சார், இந்து பேசுறேன். சொல்லுங்க."

"மிக்ஸி நல்லா ஓடுதும்மா. சத்தம்னு சொன்னது பொய்யி. மூடின்னு சொன்னதும் பொய்யி. உங்க பாட்டு கேக்கத்தான் போன் போட்டேன். எனக்கு ஒரு காது போயிடுச்சு, இன்னொன்னும் போவப் போவுது. இந்த போன்ல மட்டுந்தான் பாட்டு தெளிவா கேக்குது. மைன்ஸ்ல பாதி பெல்லுக்கு நான் லீவர தொட மாட்டேம்மா. இதுவும் பாதியிலயே நின்னு போவுது. அதான். மன்னிச்சுக்கோம்மா, இனிமே பண்ண மாட்டேன்."

திட்டு வரப்போகிறது என்று ரிசீவரை இன்னும் அழுத்திக்கொண்டார்.

"சார், ரெண்டு நிமிஷத்துக்கு மேல யாரையும் ஹோல்டுல வைக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு," என்றாள் அந்தப் பெண். பிறகு, "இப்ப எனக்கு டீ பிரேக் சார். பதினஞ்சு நிமிஷம். உங்கள ஹோல்டுல போட்டுட்டு நான் டீ குடிக்கப் போறேன். யாரும் நடுவுல வர மாட்டாங்க. கேளுங்க."

குழல் முதலிலிருந்து ஆரம்பித்தது. வயலின் சேர்ந்தது. ஏறியது. உச்சியில் நின்றது. சுந்தரராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டார். யாரும் வணக்கம் சொல்லவில்லை. குழல் ஒரு படி இறங்கியது. இன்னொரு படி. வயலின் அடியில் பொறுமையாகத் தாங்கிக்கொண்டே வர, இரண்டும் சேர்ந்து ஒரே சுரத்தில், அலுங்காமல் குலுங்காமல் தரையைத் தொட்டன. எத்தனையோ ஆயிரம் தடவை கேஜை இறக்கியவருக்கு நல்ல இறக்கம் எது என்று தெரியும். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"கேட்டீங்களா சார்?" இந்து திரும்பி வந்துவிட்டிருந்தாள். "எப்படி இருந்துச்சு?"

"நீ டெய்லி கேக்கறதுதானம்மா."

"இல்ல சார். ஹோல்டுல போட்டா எங்க பக்கம் ஒண்ணுமே கேக்காது. நாலு வருஷமா இங்க இருக்கேன், அந்த மியூசிக் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. இன்னும் அஞ்சு நிமிஷம் பிரேக் இருக்கு. கொஞ்சம் பாடிக் காட்டுறீங்களா?"

சுந்தரராஜ் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். லூயிசா மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைக் கனைத்து மெதுவாக ஆரம்பித்து, நாலாவது சுரத்தில் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார்.

"பாதியில நிறுத்தாதீங்க சார்," என்றாள் இந்து. "மொதல்ல இருந்து."

இஞ்சின் ரூமில் அவரே போட்டுவைத்த சட்டம் அது. மறுபடி ஆரம்பித்தார். மிக்ஸி நின்றது. அடிக்குரல் கொஞ்சம் கரகரத்தது, ஓர் இடத்தில் சுருதியும் தப்பியது, அதற்காக அவர் நிற்கவில்லை. மேலே ஏறி, உச்சியில் நின்று, படிப்படியாக இறங்கி வந்து சேர்ந்தார்.

நிமிர்ந்தபோது லூயிசா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் தேங்காய் ஒட்டியிருந்தது. முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, அவர் காதிலிருந்த ரிசீவரைக் கேட்காமலே வாங்கிக்கொண்டாள்.

"நான் அவரு வீட்டுக்காரம்மா பேசறேன்மா," என்றாள். "மிக்ஸி நல்லாத்தான் ஓடுது, அந்தப் பையன அனுப்ப வாணாம். ஆனா அடுத்த மாசத்துக்கும் ஒரு கம்ப்ளெய்ன்ட் எழுதிக்கோ."