மாரியாயி அரைத்த மஞ்சள்

கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் மாரியாயியும் அவள் புருஷன் புவனேந்திரனும் இருந்தார்கள். செடிகளுக்கு மருந்தடிப்பது அவன் வேலை. பதினெட்டு வயதிலிருந்தே வெற்றிலையும் புகையிலையும் அடக்காமல் அவன் மலையேறியதில்லை. போன தைப்பொங்கலன்று, காரம் பட்டால் வாய் எரிகிறது என்றான். மாரியாயி ஃபோன் வெளிச்சத்தில் பார்த்தாள். இடது கன்னத்தின் உட்புறம் சுண்ணாம்பு அப்பினாற்போல் ஒரு வெள்ளைத் திட்டு.

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் நஸ்லியா பார்த்தார். "வெத்தல, பொகையில இன்னையோட நிப்பாட்டணும். புத்துநோயான்னு கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்கணும். அடுத்த கிழமை கட்டாயம் வாங்க."

கத்தி பட்டால் பரவிவிடும் என்று புவனேந்திரன் பயந்தான். அந்தக் கிழமைதான் மாரியாயி ஒரு வீடியோ பார்த்தாள். மஞ்சளிலும் தேயிலைக் கொழுந்திலும் இருக்கிற சத்து வாய்ப் புற்றுநோயைத் தடுக்குமாம்.

"நாம பறிக்கிற கொழுந்துலயே மருந்து இருக்குங்க. கத்தியெல்லாம் வேணாம்" என்றாள். அவனுக்கும் அது போதுமாயிருந்தது.

வெற்றிலையை அடியோடு விட்டான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அவள் மஞ்சளை அரைத்துக் கன்னத்துக்குள் அப்பிவிடுவாள். வேலை விட்டு வந்ததும் கொழுந்துச் சாறு. முதலில் எரிச்சல் குறைந்தாற்போல்தான் இருந்தது. நான்காம் மாதம் திட்டு தடித்துப் புண்ணாகி, வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. பயத்தில் அவள் இன்னும் அதிகமாக அரைத்தாள். அவன் கழுத்தில் கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்ட பிறகுதான் இருவரும் பஸ் ஏறினார்கள்.

"ஏன் வரல்ல?" என்றார் டாக்டர். மாரியாயி மஞ்சளைப் பற்றிச் சொன்னாள்.

"அது முழுப் பொய்யில்ல. ஆனா ஆய்வுக்கூடத்துல, கண்ணாடித் தட்டுல வளர்த்த செல்லுலதான் கூடுதலாப் பாத்திருக்காங்க. மனுசரக் காப்பாத்துமான்னு இன்னும் தேடிட்டுத்தான் இருக்காங்க. சாப்பிடுறதுல தப்பில்ல. அத நம்பி வராம இருந்ததுதான்..."

"அப்பவே வந்திருந்தா, மிஸ்?"

"அந்தத் திட்ட மட்டும் வெட்டி எடுத்திருக்கலாம்."

மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தாடையில் பாதியை எடுத்தும் கார்த்திகையில் கட்டி திரும்பி வந்தது. இனி வெட்ட முடியாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூக்குக் குழாய் வழியாக மாரியாயி கஞ்சித் தண்ணீர் ஊற்றுகிறாள். பேச்சு அவனுக்கு நின்றுவிட்டது.

"நான்தாங்க போக வேணாம்னு சொன்னேன்" என்று ஒருநாள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கோபமா, வலியா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.