அம்மா கையால் ஒரு மாத்திரை

புதினா வாசம் வந்தால் எனக்கு இன்றும் கல்கத்தா கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ் சமையலறைதான் நினைவுக்கு வரும். துவையல் இல்லை... வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட். ரோஸ் நிறத்தில், கெட்டியாக, எவர்சில்வர் ஸ்பூனின் விளிம்பு வரை.

கல்கத்தாவில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். இங்கே தலை வலித்தாலும் வயிற்றில் கேஸ், முதுகு வலித்தாலும் கேஸ், மனசு சரியில்லை என்றாலும் கேஸ். நாங்கள் காகிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு பெங்காலி மாமி சாவியை மறந்துவிட்டு வெளியே போவார், ஆன்டாசிட்டை மறக்க மாட்டார். ரயில்வே ஆபீசில் கிளார்க்காக இருந்த அம்மாவும் அந்த ஒரு விஷயத்தில் முழு பெங்காலி ஆகியிருந்தாள்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. டாலிகஞ்சில் முதல் வேலை. அந்த வருஷம்தான் எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. எப்படி என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் சென்டரில் மாத்திரை கொடுத்தார்கள். தினமும் ஒன்று, ஒரே நேரத்தில், ஒரு நாளும் விடாமல். வேறு மருந்து, சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கவுன்சிலர் கேட்டார். இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மை.

பாட்டிலின் லேபிளைக் கிழித்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"வைட்டமின்மா. முடி கொட்டுதுல்ல, அதுக்கு."

அம்மா நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை. "வைட்டமின் மட்டும் போதுமா? மூஞ்சி எப்படி வெளுத்துக் கெடக்கு பாரு" என்று அயர்ன் மாத்திரை வாங்கி வந்தாள். அது வயிற்றைப் புரட்டியதும் காகிமாவின் ஆன்டாசிட் வைத்தியமும் சேர்ந்துகொண்டது. காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு நான் செருப்பைத் தேடும்போது வாசலை மறித்து நிற்பாள். ஒரு உள்ளங்கையில் அந்த 'வைட்டமின்', அயர்ன் என்று இரண்டு மாத்திரை, மறு கையில் ஸ்பூன்.

"ஒரே வாயில முழுங்கிடுடி."

"ஆபீஸ்ல போய் போட்டுக்கறேன்மா."

"போட்டுக்குவ. டிபன் டப்பாவ அப்படியே திருப்பிக் கொண்டு வர்ற மாதிரி. வாயத் தொற."

வாயைத் திறந்தேன். ஐந்தாறு மாதம், தினமும்.

வாரம் ஒரு புத்தகம் முடிக்கிறவள் நான். பாட்டிலோடு வந்த அந்த மடித்த தாளை மட்டும் ஒரு முறைகூடப் பிரிக்கவில்லை. அதில் அந்த மூன்று எழுத்தைப் பார்க்கப் பயம்...

அடுத்த ரத்தப் பரிசோதனையில் வைரஸ் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. விட்டுவிட்டுச் சாப்பிடுகிறாயா என்று டாக்டர் கேட்டார். ஒரு நாளும் விடவில்லை என்றேன், அவர் நம்பவில்லை. கவுன்சிலர்தான் தனியே உட்கார வைத்து, காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்கிறாய், சொல் என்றார். சொன்னேன். ஸ்பூனுக்கு வந்தபோது பேனாவை வைத்துவிட்டார்.

ஆன்டாசிட்டும் அயர்னும் அந்த மாத்திரையை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளுமாம், உடம்பில் சேர விடாதாம். இந்த மாத்திரை போட்டு இரண்டு மணி நேரமாவது கழித்துத்தான் அவை. இருமல் மருந்தானாலும் எங்களைக் கேட்டுவிட்டுச் சாப்பிடு, நீயாக எதையும் நிறுத்தாதே என்றார். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. அப்போதும் குறையாவிட்டால், மருந்துக்கு வைரஸ் பழகிவிட்டதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை அம்மா வாசலில் நின்றாள். ஸ்பூனைத் தடுக்க இன்னொரு பொய் தயாராகத்தான் இருந்தது. சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

எப்படி வந்தது, யாரால் என்று எதுவும் கேட்கவில்லை அவள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ நான் குடுத்ததாலதான் கொறையலியா?"

"நான் சொல்லாததாலம்மா."

ஸ்பூனில் இருந்ததைச் சிங்க்கில் கொட்டினாள். ஒரு ஸ்பூனைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது...

அந்த மூன்று மாதமும் சனிக்கிழமை தவறாமல் காளிகாட் காளி கோயிலுக்குப் போய் வந்தாள். எனக்காக என்று சொல்லவில்லை. ரிசல்ட் வந்ததும் ஆபீசிலிருந்தே போன் செய்தேன். "கொறஞ்சிடுச்சும்மா. டெஸ்ட்ல தெரியாத அளவுக்குக் கொறஞ்சிடுச்சு." மறுமுனையில் "சரி" என்ற ஒரு சொல், அப்புறம் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

இப்போது அம்மா ரிட்டயர் ஆகி, நாங்கள் காளிகாட்டில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருக்கிறோம். எட்டு மணிக்கு என் போனில் அலாரம் அடிக்கும். மாத்திரையை நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். பாட்டிலில் லேபிள் அப்படியே இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறது. வீட்டில் ஒளிக்க எதுவும் இல்லை.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் கேட்டேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டையின் பின்பக்கத்தை முழுக்கப் படித்தாள்.

"சென்டர்ல கேட்டியா?"

"கேட்டேன்மா. போடலாம்னாங்க."

நான் உள்ளங்கையை நீட்டினேன். அவள் அட்டையை மேஜைமேல் வைத்து, என் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

"நீயே எடுத்துக்கோ."

தண்ணீர் மட்டும் ஊற்றிக் கொடுத்தாள்.