சிவப்புக் காரின் இடதுபக்க இருக்கை

என் மாமா கப்பலில் இன்ஜினீயர். அம்மாவின் தம்பி. வருடத்தில் எட்டு மாதம் கடலுக்குச் சொந்தம். மீதி நாலு மாதம் எனக்குச் சொந்தம். இப்படி ஒரு ஏற்பாடு இருப்பது கடலுக்கும் எனக்கும் தெரியும், மாமாவுக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. அவர் விடுமுறையில் வந்தால் தூத்துக்குடி முழுக்க அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து சுற்றுவேன். என் வயதுப் பிள்ளைகள் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் மாமா ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்தார். மதுரையில் யாரோ ஆசைப்பட்டு வாங்கி, வீட்டில் திட்டும் வாங்கி, கையைக் கழுவிவிட்ட பழைய கார். தரையோடு தரையாக இருந்தது. அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“ஏலே, சக்கரம் நாலு இருக்கு, உக்காருதது ரெண்டு பேருன்னா இது என்னலே வண்டி? அதுக்கு உன் பைக்கே போதும்லா?”

எனக்கோ அதுதான் பிடித்திருந்தது. ஓட்டுகிற இருக்கை மாமாவுக்கு. இடதுபக்க இருக்கை யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாமாவும் என் தலையில் கை வைத்துச் சொன்னார்: “ஏளா, வண்டியச் சரி பண்ணுனதும் மொத சவாரி மணப்பாட்டுக்கு. நீயும் நானும்தான். வேற ஆளு கிடையாது.”

சரி பண்ண வேண்டியதுதான் நிறைய இருந்தது. நேர்ச்சாலையில் கார் பறந்தது. வளைவில் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கொஞ்ச தூரம் நேராகவே போய், அதற்குப் பிறகு வேண்டாவெறுப்பாகத் திரும்பும். மாமா தன் கப்பல் மூளையால் அதற்கு வைத்தியம் பார்த்தார். கடலில் இருப்பவர்களுக்கு வண்டி சாய்ந்தாலே ஆகாது போலிருக்கிறது. ஷாக் அப்சார்பரின் திருகை நாலு சக்கரத்திலும் கடைசிவரை முறுக்கிவிட்டார். கார் சாய்வதை விட்டுவிட்டுக் குதிக்க ஆரம்பித்தது. வளைவில் ஒரு சின்னப் பள்ளம் வந்தாலும் தவளை மாதிரி ஒரு தாவு தாவி வெளிப்பக்கம் போய் விழுந்தது. பல்லோடு பல் மோதி என் நாக்கு கடிபட்டது. அப்போதும் நான் இடதுபக்க இருக்கையை விடவில்லை.

டயரை மாற்றினால் சரியாகும் என்று துறைமுகச் சாலையில் ஒரு டயர்க்கடைக்குப் போனோம். உப்பு ஏற்றும் லாரிகளும் கன்டெய்னர் லாரிகளும் நிற்கிற கடை. கடைக்காரர் முன்னால் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்; வேலை முழுவதும் அவர் மகள். சுடிதாருக்கு மேலே ஒரு ஆம்பிளைச் சட்டை, நகக்கண்ணெல்லாம் டயர்க் கறுப்பு. பெரியவர்களை ‘அவர்’ என்று சொல்ல வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்தக் கோடை முழுவதும் என் மனதுக்குள் அவள், அவள்தான்.

மாமா இருப்பதிலேயே அகலமான டயர் கேட்டார். அவள் எடுத்துத் தரவில்லை.

“அகலமாப் போட்டா பாக்க நல்லாருக்கும் சார். ஆனா இந்த ரிம்முல அது நிக்காது. வளைவுல பக்கவாட்டுல மடங்கும். அளவு இதே இருக்கட்டும். ரப்பர் மட்டும் கொஞ்சம் மெத்துன்னு, பக்கம் விறைப்பா இருக்கதாப் போடுவோம்.” பிறகு குனிந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். “யாரு சார் ஷாக்க இப்படி முறுக்குனது?”

மாமா தொண்டையைச் செருமினார்.

“சாயட்டும் விடுங்க சார். சாஞ்சாலும் டயர் தரைய விடக்கூடாது, அதான் முக்கியம். முங்கிப் போக இது என்ன கப்பலா?”

யாருக்கும் அடங்காத என் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நான் எத்தனையோ தமாஷ் சொல்லியிருக்கிறேன், ஒன்றுக்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. அங்கேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சோதித்துப் பார்க்க உப்பளத்துச் சாலைக்குப் போனோம்; அவள் ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். இருபுறமும் உப்புப் பாத்திகள், நடுவில் தார்ச்சாலை, அதில் நல்ல வளைவு ஒன்று. கூட உட்கார்ந்து பார்த்தால்தான் குறை தெரியும் என்று அவள் சொன்னாள். மாமா என்னைப் பார்த்தார். “ஏளா, நீ இங்கன நில்லு. இந்தா வந்துருதோம்.”

என்னை இறக்கிவிட்டு, நான் உட்கார்ந்த சூடு ஆறும் முன்பே அவள் ஏறிக்கொண்டாள். உடைமரத்து நிழலில் நின்று, அந்த இரண்டு தலைகளும் வளைவில் ஒரே பக்கமாகச் சாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தினமும் அதே கூத்து. ஒருநாள் முன்பக்க ஸ்பிரிங்கை மாற்றினார்கள். ஒருநாள் ஷாக்கைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். இன்னொருநாள் முன்சக்கரங்களின் மேல்பக்கத்தை ஒரு நூல் அளவு உள்ளே சாய்த்து வைத்தார்கள். கார் நாளுக்கு நாள் சொன்ன பேச்சுக் கேட்டது. நான் நாளுக்கு நாள் கேட்காமல் போனேன். இதற்கிடையில் அவள் பேச்சிலிருந்து ‘சார்’ காணாமல் போயிருந்தது. அம்மாவிடம் போய் ஒப்பித்தேன்.

“யம்மா, அந்த டயர்க்கடை அக்கா இப்பல்லாம் மாமாவ சார்னே சொல்ல மாட்டுக்காவ. மரியாதையே கிடையாது.”

அம்மா மீன் கழுவுவதை நிறுத்திவிட்டு, “அப்படியாளா?” என்றாள். அன்று முழுவதும் எதற்கோ தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். மரியாதைக்குறைவைக் கேட்டு ஒருத்தி ஏன் சிரிக்க வேண்டும் என்று எனக்கு அம்மாமேலும் கோபம்.

கடைசியாகக் காற்றின் அளவு. அதற்கு அவள் ஒரு வித்தை வைத்திருந்தாள். டயரின் ஓரத்தில் சின்னதாக ஒரு முக்கோணம் அச்சடித்திருக்கும். தரையில் படுகிற பாகத்திலிருந்து அந்த முக்கோணத்தைத் தாண்டிச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, வளைவில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முக்கோணம்வரை கோடு அழிந்திருந்தால் காற்று சரி. அதையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று ஏற்ற வேண்டும். அழியாமல் இருந்தால் காற்று அதிகம், இறக்க வேண்டும்.

கோடு போட்டு ஓட்டிவிட்டு வந்து, இருவரும் சோடா குடிக்கச் சாலையோரப் பெட்டிக்கடைக்கு நடந்தார்கள். “நீயும் வாளா” என்றார் மாமா. கால் வலிக்கிறது என்றேன். அவர்கள் முதுகைக் காட்டியதும் காருக்குள் பார்த்தேன். இடதுபக்க இருக்கையில், என் இருக்கையில், சாக்பீஸ் துண்டு கிடந்தது.

முன்சக்கரம் இரண்டிலும் முக்கோணம்வரை அழகாக அழிந்திருந்த கோடுகளைத் திரும்பவும் போட்டு முழுசாக்கினேன். அவள் வித்தை பொய் என்று மாமாவுக்குத் தெரிந்தால் போதும் என்பதுதான் என் எண்ணம்.

மாமா வந்து குனிந்தார். “கோடு அழியவே இல்லையே. காத்து அதிகம் போல.”

அவள் நெற்றியைச் சுருக்கினாள். “நான் இறங்கும்போது அழிஞ்ச மாதிரில்லா இருந்துச்சு?”

“கண்ணு ஏமாத்தும். கோடு ஏமாத்தாது” என்று என் மாமா, படித்த இன்ஜினீயர், காற்றைத் தாராளமாக இறக்கினார்.

அடுத்த ஓட்டத்தில் கார் வளையவே இல்லை. முன்சக்கரங்கள் திரும்பித்தான் இருந்தன, வண்டி நேராகப் போனது. சாலையை விட்டு இறங்கி, கரையை உடைத்துக்கொண்டு உப்புப் பாத்திக்குள் போய் உட்கார்ந்தது. மாதாவே, மாமாவைக் காப்பாற்று என்று கும்பிட்டேன். அவளைச் சேர்த்துச் சொல்லவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள். முழங்கால்வரை உப்புச்சேறு, அவளுடைய செருப்பில் ஒன்றைக் காணவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

உப்பு லாரிக்காரர்கள் நாலைந்து பேர் கயிறு கொண்டுவந்தார்கள். எல்லாம் அவள் கடைக்கு வருகிறவர்கள். “என்னக்கா, நீங்க காத்துப் புடிச்ச வண்டியா இப்படி?” என்று ஒருவர் கேலி செய்தார்.

அவள் முன்சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, சேற்றைத் துடைத்துக் கோட்டைப் பார்த்தாள். பிறகு என் கருநீலப் பாவாடையைப் பார்த்தாள். அதில் நான் துடைத்த ஐந்து விரலும் வெள்ளையாக இருந்தன. எழுந்து நின்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்: “ஆமாண்ணாச்சி, என் தப்புதான். கோட்டச் சரியாப் பாக்காம விட்டுட்டேன்.”

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

உப்புத்தண்ணீர் இரும்பைச் சும்மா விடுமா? ஸ்பிரிங், ஷாக், பிரேக் எல்லாவற்றையும் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய் போட்டு மாட்ட வேண்டும் என்றாள் அவள். அதற்கு டயர்க்கடைப் பின்பக்கம்தான் தோது. விடுமுறையில் மிச்சமிருந்த நாளெல்லாம் மாமா காலையில் அங்கே போனால் இருட்டும் நேரம்தான் வீடு திரும்பினார். பிறகு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்து கப்பலேறிவிட்டார். மணப்பாட்டுக்கு நாங்கள் போகவே இல்லை.

அடுத்த விடுமுறையில் அவர்களுக்குக் கல்யாணம். கோயில் வாசலில் சிவப்புக் கார் மல்லிகைச் சரத்தோடு நின்றது. நான் புதுக்கவுனில், சிடுசிடுவென்ற முகத்தோடு ஓரமாக நின்றேன். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடதுபக்க இருக்கையில் உட்காரப்போன அத்தை, நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். குனிந்து என் உள்ளங்கையில் எதையோ வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

ஒரு சாக்பீஸ் துண்டு.

“பத்திரமா வச்சுக்கோளா” என்றாள்.

எல்லாம் தெரியும், சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிறாள் என்றே நினைத்தேன். அதற்கப்புறம் வருடக்கணக்காக அத்தை எதைச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் செய்தேன். அவள் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாள் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.