மாவுக்குப் பிடித்த குடை

"முகத்தைக் கழுவிட்டு வா!"

போன மாதம் ஒரு டாக்டர் பெண் என்னை இப்படித்தான் வரவேற்றாள். எனக்கு அறுபத்தொன்பது வயது, அவளுக்கு முப்பது இருக்கும். கோபப்பட முடியுமா? நம்ம வீட்டுப் பிள்ளைதான். ரங்கூனில் பிறந்து, பர்மிய மொழியிலேயே படித்தவள். தமிழ் என்றால் அவள் அம்மா அதட்டியதைக் கேட்டுக் கற்றது... அதில் 'ங்க' எங்கிருந்து வரும்?

கோபம் இல்லை, வெட்கம்தான். தனக்கா என்ற மரப்பட்டைப் பூச்சு இல்லாமல் நான் வாசல் தாண்டியதே இல்லை. கட்டையைக் கல்லில் உரைத்துக் கன்னத்தில் இரண்டு வட்டம் — அதுதான் எனக்கு முக்காடு. யாராவது உற்றுப் பார்த்தால், வட்டத்தைத்தான் பார்க்கிறார்கள், என்னை இல்லை என்று ஒரு தைரியம்.

அந்தத் தைரியத்தில்தான் மூக்கோரத்துப் புண்ணையும் மறைத்தேன். மிளகு அளவுதான். பொருக்கு கட்டும், உதிரும், மறுபடி கசியும். மூன்று மாதம் இப்படி.

போட்டாதாங் படகுத்துறையில் எனக்கு வடைக்கடை. பக்கத்தில் வெற்றிலை விற்கும் டோ மியா சொன்னாள்: "இன்னும் கெட்டியாப் பூசு அக்கா. தனக்காவுக்கு ஆறாத புண் உண்டா?"

பூசினேன். புண் தெரியவில்லை. தெரியாவிட்டால் ஆறிவிட்டது என்றுதானே அர்த்தம்? எங்கள் வைத்தியம் அப்படி!

ஒருநாள் தனக்காவைத் தாண்டி ரத்தம் வந்து, வடை மடிக்கிற தாளில் சொட்டியது. டோ மியா இரண்டு கடையையும் அவளே மூடினாள். ஆஸ்பத்திரிக்கு என்று டாக்ஸியில் என்னைத் தள்ளினாள்.

முகம் கழுவிக் கண்ணாடியைப் பார்த்தால்... கறுத்த முகத்தில் வெளுப்பாய் இரண்டு வட்டம். நாற்பது வருஷ வெயில் போட்ட கோலம்.

"வெயிலு வட்டத்துக்குள்ள மட்டுமா அடிக்குது?" என்றாள் டாக்டர். "கடைல குடை இல்லையா?"

"இருக்கும்மா."

"அப்புறம்?"

"அது மாவுக்கு. வெயில் பட்டா புளிச்சிடும்."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "நம்ம கருப்புத் தோலை வெயில் என்னம்மா பண்ணும்? வெள்ளைக்காரிக்குத்தானே..." என்று இழுத்தேன்.

எனக்கு ஓட்டல் மாடியில் தங்கிய ஒரு வெள்ளைக்காரி ஞாபகம். எங்கள் கடைக்கு எதிரே, உச்சி வெயிலில், உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்திருப்பாள். கறுக்க வேண்டுமாம்! ஒரு பக்கம் சிவந்ததும் மறுபக்கம் புரளுவாள். "உன் வடையைவிட அது நல்லா வேகுது அக்கா" என்பாள் டோ மியா. நாங்கள் சிரிப்போம். சிரித்துவிட்டு, சிவப்பழகு கிரீம் எந்தக் கடையில் மலிவு என்று பேசுவோம். அவளுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவள் வெயிலில் படுத்திருந்தாள், நான் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "வெள்ளைத் தோலுக்கு அதிகமா வரும். நமக்குக் கம்மி. ஆனா வராதுன்னு நெனச்சு, நீ லேட்டா வர்ற."

புண்ணில் துளி வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினாள். முடிவு வரும்வரை மூக்கில் பிளாஸ்திரி, தனக்கா கூடாது. புற்றாக இருக்குமோ என்ற பயம் ஒரு பக்கம். வெறும் முகத்தோடு துறைக்குப் போகிற கூச்சம் மறுபக்கம். எது பெரிது என்று கேட்காதீர்கள், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நாற்பது வருஷமாக என்னிடம் வடை வாங்குகிற படகுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ புதுசா? பழைய அம்மா எங்கே?"

பத்தாம் நாள் முடிவு வந்தது. புற்றுதான்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதே. சின்னதுதான். எடுத்துடலாம்."

எடுத்துவிட்டார்கள். நாலு தையல். மூக்கு மூக்காகவே இருக்கிறது. "தனக்கா பூசிக்கோ, வேணாம்னு சொல்லல. ஆனா அது குடை இல்ல. வெயில்ல உக்காராதே" என்று அனுப்பினாள். இந்த வயதில் என்னை அதட்ட ஒருத்தி!

உங்களிலும் யாராவது ஆறாத புண்ணை எதையோ பூசி மூடி வைத்திருப்பீர்கள். கழுவிவிட்டுப் போய்க் காட்டுங்கள்.

பர்மாக்காரர்கள் அந்தப் பூச்சுக்குத் தனக்கா என்று பேர் வைத்தார்கள். தமிழில் அது ஒரு கேள்வி அல்லவா? நாற்பது வருஷம் தினமும் பூசியும் எனக்கு அது காதில் விழவில்லை. குடை யாருக்கு — மாவுக்கா, தனக்கா?

இப்போது குடை என் தலைக்கு மேல். மாவு புளித்துத்தான் போகிறது. "இப்பதான் வடை ருசியா இருக்கு" என்கிறார் படகுக்காரர்!