அப்பா வாங்கிய ஹாம்ஸ்டர்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். மனதில் இருப்பதை வெளியே விடாத கல்லுளிமங்கன். பாதி மாடியில் லிஃப்ட் நின்று, உள்ளே இருப்பவர்கள் அலறும்போதும் "இதோ, திறந்துடும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான். மனைவி பிரசவத்திலேயே போய்விட்டாள். மகளுக்குத் தலைவாரி, ஷூ மாட்டி வளர்த்தது அவன்தான். அவன் நுரையீரல் படத்தைப் பார்த்த டாக்டர், மூன்று வருடம் தாண்டினால் அதிசயம் என்றது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மகள் கினிப்பன்றி கேட்டாள். கடைக்கு நானும் போனேன்.

"கினிப்பன்றி பகல்ல முழிச்சிருக்கும்" என்றார் கடைக்காரம்மா. "உங்க காலடிச் சத்தம் கேட்டாலே கீச்சுனு கூப்பிடும், மடியில உக்காரும். ஆனா தனியா விட்டா ஏங்கிப்போயிடும், ஜோடியாத்தான் வாங்கணும். இதோ, இந்தக் குட்டி எலி, ஹாம்ஸ்டர், அப்படியே நேரெதிர். இன்னொண்ணைச் சேர்த்தா கடிச்சுக் குதறிடும். பகலெல்லாம் தூக்கம்."

தம்பி ஒரே கேள்விதான் கேட்டான். "எவ்வளவு காலம் உயிரோட இருக்கும்?"

"ஹாம்ஸ்டர் ரெண்டு வருஷம். கினிப்பன்றி அஞ்சாறு வருஷம், சிலது எட்டுகூட."

அவன் ஹாம்ஸ்டரைக் காட்டினான். குழந்தையின் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கூண்டோடு முன்னால் நடக்க, நான் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளை ஆசைப்பட்டதை வாங்கித் தர்றதுக்கு உனக்கு என்னடா கேடு?"

"அவ இதுவரைக்கும் ஒரு சாவைப் பாத்ததில்லக்கா. முதல்ல வர்றது சின்னதா இருக்கட்டும். அப்போ நான் பக்கத்துல இருக்கணும்."

அவன் கையை விட்டேன்.

அந்தப் பிராணி மரத்தூளுக்குள் புதைந்து தூங்கியது. பள்ளி விட்டு வந்து கூண்டைத் தட்டிப் பார்ப்பாள். ஒருநாள் விரலைக் கடித்துவிட்டது. ஆனாலும் தண்ணீர் மாற்ற மறந்ததில்லை.

இரண்டு வருடம் முடிவதற்குள் ஒரு காலை அது விறைத்துக் கிடந்தது. மகளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் தம்பி என்னிடம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். அட்டைப்பெட்டியில் அதை வைத்தவன் ஒன்றும் சொல்லாமல் உடைந்து அழுதான். ஓர் எலிக்காக யாரும் அப்படி அழமாட்டார்கள். மகள் அவனையே பார்த்தாள்.

"அப்பா, நீங்களும் போயிடுவீங்களா?"

"ஆமாம்மா."

"அதுக்குத்தான் இதை வாங்கினீங்களா?"

தலையாட்டினான். அவள் அழவில்லை. அவன் கையிலிருந்த மூடியை வாங்கிப் பெட்டியை மூடினாள்.

"கினிப்பன்றியே வாங்கியிருக்கலாம்பா. நீங்க போனப்புறம் அது என்கூட இருந்திருக்கும்ல."